தீராச் சரும வியாதிகளும் நாள்வழிக் கணக்கும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் கடன், வட்டி, விதை, உரம் முதலிய விஷயங்கள் பேசப்படுவதே வழக்கம். தோலில் தோன்றும் வியாதிகளைப் பற்றிப் பேச இங்கே என்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். குடியானவனுக்கு நிலத்துக்கும் மாட்டுக்கும் முந்திய மூலதனம் அவனுடைய தேகமே. தேகத்தைப் போர்த்தியிருக்கும் தோல் கெட்டால் இரவில் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வேலை கெடுகிறது. முகத்தில் கெட்டால் நாலு பேர் கூடும் இடத்துக்கு வர மனம் கூசுகிறது. மணவயதுப் பெண்ணுக்கு வந்துவிட்டால் வீடே கலங்குகிறது. இவ்வளவு நஷ்டமிருந்தும், உயிருக்கு ஆபத்தில்லை என்ற காரணத்தால் இவ்வியாதிகள் அசட்டை செய்யப்படுகின்றன. அல்லது அவசரத்தினால் தவறான வைத்தியத்துக்கு ஆளாகின்றன.

சரும வியாதிகளில் சில, தக்க மருந்தினால் அடியோடு நீங்கிவிடும். வேறு சில, நீண்டகாலக் கடனைப் போன்றவை. அவற்றை ஒரே நாளில் தீர்த்துவிட முடியாது. தவணை தவறாமல் கட்டிவந்தால் கடன் குடும்பத்தை வருத்தாமல் அடங்கியிருக்கும். தவணை கட்டப் பொறுமையின்றி, உடனே பணம் கிடைக்கிறதென்று கந்துவட்டிக்காரரிடம் கைநீட்டினால், கடன் வளர்ந்து குடும்பத்தை விழுங்கும். சரும வியாதிக்கும் இப்படி ஒரு கந்துவட்டிக்காரர் உண்டு. அது யாதெனில், டாக்டரின் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிப் பூசப்படும் ஸ்டீராய்டு களிம்பு.

ஒரு குடும்பத்தின் அநுபவம்

உதாரணத்துக்காக ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கணவர் சங்கத்தின் அங்கத்தினர். மூன்று ஏக்கர் நிலமுடையவர். மனைவிக்கு வயது முப்பத்தெட்டு. அடுப்படியில் நின்றாலும், வெயிலில் களையெடுத்தாலும், அந்த அம்மாளின் கன்னங்களும் மூக்கும் சூடேறிக் காந்துகின்றன. சில நாட்களில் பருவைப் போன்ற சிறு கட்டிகளும் எழுகின்றன. மாநிறத் தேகமாகையால் சிவப்பு அதிகமாய்த் தெரியவில்லை; எரிச்சல்தான் தெரிகிறது. பித்தம் என்று ஒருவர் சொல்ல, இரத்தக் கெடுதல் என்று மற்றொருவர் சொல்ல, ஆறு மாதம் கழிந்தது.

பிறகு உறவினர் ஒருவர் சொற்படி கடைத்தெருவிலிருந்து ஒரு சிறிய குழாய்க் களிம்பு வாங்கிப் பூசினார்கள். மூன்றாம் நாளே முகம் தெளிந்தது. முன்னைவிட வெளுப்பாகவும் காணப்பட்டது. குழாய் தீர்ந்து நான்கு நாள் பூசாதிருந்ததும், முன்பு ஒரு பங்காயிருந்த எரிச்சல் இரண்டு பங்காய்த் திரும்பியது. மறுபடியும் களிம்பு, மறுபடியும் சுகம். இப்படி ஒரு வருஷம் சென்றபின், கன்னத்துத் தோல் வெங்காயத் தோலைப்போல் மெலிந்து, அதன் கீழ் இரத்தக் குழல்கள் நூல் நூலாய்த் தெரிந்தன. முகத்தில் மயிர் அரும்பியது, பருக்கள் நிறைந்தன. அடுப்படியில் கால் நாழிகை நிற்கவும் முடியவில்லை; களிம்பில்லாமல் ஒரு நாள் கழிக்கவும் முடியவில்லை. இந்த வரலாறு கற்பனைக் குடும்பத்தினுடையதானாலும், இதைப் போன்ற முகங்களை சரும வைத்தியர்கள் நாள்தோறும் கண்டுவருகின்றனர்.

ரோஸேசியா என்னும் முகரோகம்

அந்த அம்மாளுக்கு முதலில் வந்த வியாதியின் பெயர் ரோஸேசியா. பெரும்பாலும் முப்பது வயதுக்குமேல் தோன்றும் நீடித்த முகரோகம் இது. கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் ஆகிய இடங்களில் இரத்தக் குழல்கள் எளிதில் விரிந்து, முகம் அடிக்கடி சூடேறும். நாளடைவில் சிவப்பு நிலைத்துவிடும். கட்டிகளும் சீழ்ப் பருக்களும் தோன்றும். சில புருஷர்களுக்கு மூக்கின் தோல் தடித்துப் பருத்துவிடுவதுமுண்டு. பலருக்குக் கண்களும் பாதிக்கப்பட்டு, மணல் விழுந்ததுபோல் உறுத்தும். இமை ஓரங்கள் வீங்கும். கண்ணில் வலியோ பார்வை மங்கலோ ஏற்பட்டால் ஒரு நாளும் தாமதியாமல் கண் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

வெளுத்த தோலுடையவர்களுக்கே இவ்வியாதி வரும் என்று நெடுநாள் நம்பப்பட்டது. கறுத்த தோலிலும் இது வருகிறது. ஆனால் சிவப்பு வெளியே தெரியாமையால் காலம் கடந்தே கண்டுபிடிக்கப்படுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று, அசுத்தத்தால் வருவதுமன்று, மதுபானம் செய்கிறவர்களுக்கு மட்டும் வருவதுமன்று. மதுவையே அறியாதவர்களுக்கும் வருகிறபடியால், மூக்குச் சிவந்த ஒருவரைப் பார்த்துக் குடிகாரரென்று எண்ணுவது பெரும் அநியாயம்.

இதை அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு. மெட்ரோனிடஸால், அஸெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகியவற்றில் ஏதேனுமொன்று சேர்ந்த களிம்பையும், தேவையானால் டாக்ஸிஸைக்ளின் என்னும் உள்மருந்தையும் வைத்தியர் கொடுப்பார். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் டாக்ஸிஸைக்ளின் உட்கொள்ளலாகாதாகையால், கர்ப்பமுண்டானால் வைத்தியரிடம் முன்னதாகவே தெரிவிக்கவேண்டும். இம்மருந்துகளின் குணம் மூன்று நாளில் தெரியாது. பல வாரங்கள் செல்லும். இந்தத் தாமதத்தைக் கண்டு மனந்தளர்ந்தே அநேகர் கடைக் களிம்புக்குத் திரும்புகின்றனர்.

களிம்பு செய்யும் மாயம்

கார்ட்டிஸோன் என்னும் பொருள் கீல்வாதத்துக்குக் குணமளிப்பதை 1948-ம் வருஷத்தில் அமெரிக்க வைத்தியராகிய பிலிப் ஹென்ச் என்பவர் கண்டார். 1950-ல் அவருக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய இரு ரசாயன சாஸ்திரிகளுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே இனத்தைச் சேர்ந்த ஹைட்ரோகார்ட்டிஸோனைத் தோலின்மேல் பூசிக் குணங்கண்ட செய்தி 1952-ல் வெளிவந்தது. அதுமுதல் இவ்வினத்துக் களிம்புகள் சரும வைத்தியத்தில் பெரும் உதவி புரிந்துவருகின்றன. கரப்பான், செதிலுதிர் படை முதலியவற்றுக்கு வைத்தியர் இதைக் கொடுத்தால் அஞ்சவேண்டுவதில்லை. எந்த வலிமையுள்ளது, எந்த இடத்தில், எத்தனை நாள் என்ற மூன்றையும் அவர் நிர்ணயித்துக் கொடுக்கிறார்.

இந்தக் கணக்கு இல்லாமல் பூசும்போதே கேடு விளைகிறது. ஸ்டீராய்டு இரத்தக் குழல்களைச் சுருக்குவதால் சிவப்பு மறைகிறது. தோலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் அரிப்பு நிற்கிறது. ஆனால் வியாதியின் வேர் இருந்தபடியே இருக்கிறது. நாள்பட்டால் தோல் மெலிகிறது. நிறுத்தியதும் சுருங்கிய குழல்கள் முன்னிலும் அதிகமாக விரிந்து முகம் எரிகிறது. முகத்தின் தோல் மெல்லியதாகையால் அங்கே கேடு விரைவில் வருகிறது. ரோஸேசியா இல்லாதவர்களுக்கும்கூட, நிறம் வெளுக்குமென்று இக்களிம்பைப் பூசியதனால் ரோஸேசியாவைப் போன்ற முகரோகம் உண்டாவதுண்டு.

பீட்டாமெத்தஸோன், குளோபெட்டஸால், மொமெட்டஸோன் என்ற பெயர்களில் எதுவேனும் குழாயின்மேல் காணப்பட்டால் அது இவ்வினமென்று அறியலாம். படர்தாமரைக் களிம்பென்று விற்கப்படும் சில கலப்பு மருந்துகளிலும் இவை சேர்ந்திருக்கின்றன. 1904-ம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அநியாய வட்டியிலிருந்து குடியானவர்களை மீட்க ஒரு வழி திறந்ததுபோல, 2018-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டரின் சீட்டில்லாமல் விற்கலாகாதென்று அறிவித்தனர். சட்டம் வந்தும் கந்துவட்டி ஒழியாததுபோலவே இக்களிம்பின் தவறான உபயோகமும் ஒழிந்தபாடில்லை. வாங்குகிறவர் மறுத்தாலன்றி விற்கிறவர் நிறுத்தமாட்டார்.

ஏற்கெனவே பல மாதங்களாய்ப் பூசிவருகிறவர்கள் இதைக் கேட்டு இன்றைக்கே குழாயை எறிந்துவிடலாகாது. அக்குழாயை எடுத்துக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரியிலுள்ள சரும வைத்தியரிடம் சென்று, எத்தனை நாளாய்ப் பூசப்பட்டதென்று ஒளிக்காமல் சொல்லவேண்டும். எப்படி நிறுத்துவது, இடையில் எழும் எரிச்சலுக்கு எதைக் கொடுப்பது என்பதை அவர் தீர்மானிப்பார். முதற் சில வாரங்கள் கஷ்டமாகவே இருக்கும். பழைய கடன் அடைபடும் காலம் அது என்று தைரியம் கொள்ளவேண்டும்.

வீட்டிலே கைக்கொள்ள வேண்டிய முறைகள்

ரோஸேசியா உள்ளவர்களுக்கு வெயிலே முதற் பகை. உச்சிவேளை வேலையைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். முடியாதபோது குடை, அகன்ற ஓலைத்தொப்பி, நெற்றியையும் கன்னத்தையும் மறைக்கும் தலைத்துணி ஆகியவை உதவும். வெயில் காப்புக் களிம்பு வாங்க வசதியுள்ளவர்கள் துத்தநாக ஆக்ஸைடு சேர்ந்ததை வாங்கினால் எரிச்சல் குறைவாயிருக்கும்.

அடுப்பின் அனல் இரண்டாவது பகை. அடுப்படியில் காற்றோட்டத்துக்கு வழி செய்வதும், அனலுக்கு முகத்தை நேரே காட்டாமல் நிற்பதும், வீட்டார் வேலையைப் பகிர்ந்துகொள்வதும் நன்மை தரும். காப்பி, தேநீர் முதலியவற்றை ஆறவைத்துக் குடித்தால் பலருக்குத் தொல்லை குறைகிறது. அவற்றின் சூடே முகத்தைச் சிவக்கச் செய்கிறது. மிளகாய்க் காரம், மது, மனக்கலக்கம் ஆகியவையும் சிலருக்கு வியாதியைக் கிளப்பும்.

முகத்தை மிதமான நீரில், உறுத்தாத சோப்பினால் மெல்லக் கழுவித் துணியால் ஒற்றவேண்டும். நார்கொண்டு தேய்த்தல், எலுமிச்சஞ்சாறு பூசுதல் முதலியவற்றைத் தவிர்க்கவேண்டும். எருக்கம்பால், சேங்கொட்டை, மண்ணெண்ணெய் ஆகியவற்றை எந்தச் சரும வியாதிக்கும் பூசலாகாது. இவை தோலைப் புண்ணாக்கிவிடும்.

ஒருவருக்கு ஆகாதது மற்றொருவருக்கு ஆகலாம். ஆகையால் ஊரார் சொல்லும் பத்தியமெல்லாம் அனுசரித்து உடம்பை மெலியவைப்பதில் பிரயோஜனமில்லை. சங்கத்தில் நாள்வழிக் கணக்கு எழுதுவதுபோல, ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் நான்கு கலங்கள் கிழித்து எழுதிவரலாம்: தேதி, அன்று பட்ட வெயிலும் அனலும் உண்ட உணவும், முகத்தின் நிலைமை, பூசிய மருந்து. இரண்டு மாதக் கணக்கைப் புரட்டினால் தனக்கு எது பகை என்பது தெரிந்துவிடும். வைத்தியருக்கும் இதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. எழுதத் தெரியாத தாய்க்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக்கொடுக்கலாம்.

ரோஸேசியாவோ, வேறொன்றோ?

முகம் சிவந்து எரிவதெல்லாம் ரோஸேசியா அன்று. பார்த்தீனியம் என்னும் விஷக் களையை அங்கத்தினர் யாவரும் அறிவர். 1956-ல் புனே நகரில் இந்தியாவுக்குப் புதிய செடியாகப் பதிவு செய்யப்பட்ட இக்களை, பின்னர் தேசமெங்கும் பரவிற்று. இதன் நுண்துகள்கள் காற்றில் வந்து படுவதனால், ஒவ்வாத தேகமுடையவர்களுக்கு முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் கடும் அரிப்பும் தடிப்பும் உண்டாகின்றன. வயலில் இருந்தால் அதிகமாவதும், வெளியூர் சென்றால் குறைவதும் இதன் அடையாளங்கள். இதற்கு ஒரு வீட்டார் மட்டும் முயன்று பயனில்லை. பூப்பதற்கு முன்பே, கையுறை அணிந்து, கைகால்களை மூடிக்கொண்டு, ஊரார் ஒன்றுகூடிக் களைய வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த வேலைக்கு வரலாகாது.

படர்தாமரை பூஞ்சணத்தால் வருவது, தொற்றக்கூடியது. வட்டமாய் ஓரம் தடித்துப் படரும். ஸ்டீராய்டு பூசினால் வட்டம் மறைந்து, பூஞ்சணம் உள்ளே செழித்து வளரும். வழக்கமான மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத பூஞ்சண வகையொன்று இந்தியாவில் பரவியிருக்கிறது. 2020-ல் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயரிடப்பட்டது. ஆகையால் வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை, வட்டம் மறைந்தபின்னும், மருந்தை விடாது உபயோகிக்க வேண்டும். துண்டும் உடையும் தனித்தனியே இருக்கவேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே சிகிச்சை செய்யவேண்டும். சிரங்கிலும் அப்படியே. அரிப்பு உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசினாலன்றி அது சுற்றிச் சுற்றி வரும்.

செதிலுதிர் படை என்னும் ஸோரியாஸிஸ் தொற்றாது. முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் வெள்ளிச் செதில்போல் உதிரும். அதனோடு மூட்டுக்களில் வலியும் வீக்கமும் காணப்பட்டால் உடனே வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும். அசட்டை செய்தால் மூட்டு கோணிவிடும். கரப்பானுக்குத் தோலை உலரவிடாமல் காப்பதே பாதி வைத்தியம். குளித்தவுடன் ஈரம் புலராமுன் தேங்காயெண்ணெயோ வைத்தியர் சொல்லும் வேறு பூச்சோ தடவிவரலாம். வெண்படையும் தொற்றாது, அது குஷ்டமுமன்று.

குஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்லவேண்டும். வெளுத்தோ சிவந்தோ ஒரு படை தோன்றி, அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், அரிப்பில்லையே என்று விட்டுவிடலாகாது. 1981 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபார்சு செய்துவரும் கூட்டுமருந்துச் சிகிச்சையினால் இவ்வியாதி பூரணமாய்க் குணமாகிறது. வியாதியின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து உட்கொள்ளவேண்டும். சர்க்கார் அதை இலவசமாய்க் கொடுக்கின்றனர். காலத்தில் சென்றவர்களுக்கு விரல் குறைவதில்லை, ஒளித்துவைத்தவர்களுக்கே குறைகிறது.

சங்கத்தின் கடமை

இவ்விஷயத்தில் சங்கம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, தோலில் படையுள்ள அங்கத்தினரைக் கூட்டத்தில் ஒதுக்கி உட்காரவைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை ஒழிக்கவேண்டும். ஒதுக்கப்படுவோம் என்ற பயமே வியாதியை மறைக்கச் செய்கிறது. மறைத்தவர் கடைக் களிம்பைத் தேடுகிறார். இரண்டாவது, சில கூட்டுறவுச் சங்கங்கள் மருந்துக்கடைகளும் நடத்துகின்றன. அத்தகைய கடைகளில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பதில்லையென்று நிர்வாகிகள் உறுதி செய்துகொள்ள வேண்டும். அங்கத்தினருடைய கடையே அங்கத்தினருக்குக் கேடு செய்வது தகாது. மூன்றாவது, பார்த்தீனியக் களையெடுப்பை வருஷந்தோறும் மழைக்குப்பின் ஒரு பொதுவேலையாக ஏற்படுத்தலாம். நான்காவது, ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்கும் குடும்பங்கள் ஒரே நாளில் சேர்ந்து சென்றால் வண்டிச் செலவு குறையும், துணையும் கிடைக்கும்.

முதலில் சொன்ன அந்த அம்மாளை ஆறு மாதத்துக்குப்பின் போய்ப் பார்த்தால் எப்படி இருப்பார்? சரும வைத்தியரின் சொற்படி களிம்பு நிறுத்தப்பட்டிருக்கும். முதல் மாதம் முகம் வீங்கி எரிந்ததும், அண்டைவீட்டார் மறுபடியும் பழைய குழாயையே வாங்கச் சொன்னதும், கணவர் அதற்கு இணங்காமல் தாமே அடுப்படியில் நின்று சோறு வடித்ததும் நோட்டுப் புஸ்தகத்தில் மகனுடைய கையெழுத்தில் பதிந்திருக்கும். மூன்றாம் மாதத்துப் பக்கங்களில் எரிச்சலில்லாத நாட்கள் இடையிடையே காணப்படும். ஆறாம் மாதத்தில் எரிச்சலுள்ள நாட்களே இடையிடையே காணப்படும். நூல் நூலான குழல்கள் முற்றும் மறைந்திராமலிருக்கலாம்; வெயிற்காலத்தில் முகம் மறுபடியும் காந்தலாம். வியாதி போய்விடவில்லை. ஆனால் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வயலுக்கு வருகிறார், கலியாணத்துக்குப் போகிறார், இரவில் தூங்குகிறார்.

ஆகவே அங்கத்தினர்கள் இன்று வீட்டுக்குச் சென்றதும் ஒரு காரியம் செய்யவேண்டும். மாடத்திலோ பெட்டியிலோ கிடக்கும் களிம்புக் குழாய்களை வெளியே எடுத்து, எழுத்துத் தெரிந்த ஒருவரைக்கொண்டு அவற்றின்மேலுள்ள மருந்தின் பெயரைப் படிக்கச் செய்யவேண்டும். மேலே கூறிய பெயர்களில் ஒன்று இருந்து, டாக்டரின் சீட்டு இல்லாதிருந்தால், அக்குடும்பத்தின் கணக்கில் எழுதப்படாத ஒரு கடன் இருக்கிறதென்று அறிந்துகொள்ளலாம். அதை வளரவிடாமல், வருகிற வாரமே குழாயுடன் ஆஸ்பத்திரிக்குச் சென்று முதல் தவணையைக் கட்டுவது உத்தமம்.